பிறப்பேட்டில் பிழையான பெயர்: திருத்தும் கடமை யாருடையது?

2023 அக்டோபர் 1-ஆம் தேதியும் அதற்குப் பின்னும் இந்தியாவில் பிறந்த எவருக்கும் பிறந்த தேதிக்கும் பிறந்த இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. பள்ளியில் சேர்வது, ஓட்டுநர் உரிமம் எடுப்பது, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது, திருமணத்தைப் பதிவது, அரசு வேலைக்குப் போவது, ஆதார் வாங்குவது என எல்லாவற்றுக்கும் இனி அந்த ஒரு தாள்தான் வாசல். அந்தத் தாளில் ஒரு எழுத்து மாறியிருந்தால் என்ன ஆகும் என்பது சேலம் மாவட்டத்தின் மேச்சேரி போன்ற ஊர்களில் எல்லா வீடுகளுக்கும் தெரியும். பேரூராட்சி ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைய வேண்டும். நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலி போகும், சில சமயம் பல நாள் கூலி போகும். பெற்றவர்கள் கவனமாகச் சொல்லியிருந்தால் இந்த அலைச்சல் வந்திருக்காது என்பது அலுவலக மேசைக்கு அந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. பிறப்புப் பதிவேட்டின் வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பேச்சில் நியாயம் இல்லை. பெயரைச் சரியாக எழுதி வைப்பதற்கென்று அந்த ஏடு தொடங்கப்படவே இல்லை. தலையை எண்ணுவதற்காகத் தொடங்கிய ஏட்டின் மீது அடையாளம் காட்டும் வேலையை அரசு பின்னால் ஏற்றியது. ஏற்றியவர்களே பிழையைத் திருத்தும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

சேலம் மாவட்டத்தில் எண்ணும் தேவை எவ்வளவு கொடுமையாக உணரப்பட்டது என்பதற்குத் தாது வருஷப் பஞ்சமே போதும். 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1876 முதல் 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு 1881-இல் ஏறத்தாழ 16 லட்சத்துக்கு இறங்கியது. காலராவும் பெரியம்மையும் மாறி மாறி வந்த காலம் அது. எந்த ஊரில் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பிறந்தன, அம்மை குத்த வேண்டிய குழந்தைகள் எத்தனை என்பதுதான் சுகாதார அதிகாரிகளுக்கு வேண்டியிருந்தது. 1886-இல் இந்தியா முழுமைக்கும் வந்த பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டம் சில வகுப்பாருக்கு மட்டும், அதுவும் விருப்பப்பட்டால் மட்டும் என்று நின்றது. சென்னை மாகாணத்துக்கென 1899-இல் வந்த 3-ஆவது சட்டம்தான் கிராமத்துப் பிறப்பையும் இறப்பையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அப்போது ஓமலூர் தாலுகாவில் இருந்த மேச்சேரி வட்டாரத்தின் பிறப்புகளும் இப்படித்தான் ஏடேறத் தொடங்கின. எண்ணும் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெண் சிசுக்கொலைக்கு எதிராகத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. பிறக்கும் பெண்கள் எத்தனை, வளரும் பெண்கள் எத்தனை என்று எண்ணாமல் அந்தக் கொடுமையை யாரும் நிரூபித்திருக்க முடியாது. ஆனால் எண்ணுவதற்குக் குழந்தையின் பெயர் தேவையில்லை. ஆணா பெண்ணா, என்றைக்கு, எந்த ஊரில், தகப்பன் யார் என்பது போதும்.

பதிவேட்டை எழுதியவர் மணியக்காரர். ஊரில் பிறப்போ இறப்போ நடந்தால் தலையாரி மூலமோ வீட்டார் மூலமோ அவருக்குச் செய்தி போகும். கிஸ்தி வசூலுக்கும் ஊர்க் காவலுக்கும் இடையில் அவர் அதைத் தமிழில் எழுதி வைப்பார். செய்தி போகும் நேரத்தில் குழந்தைக்குப் பெரும்பாலும் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். தொட்டிலிட்டுப் பெயர் வைக்க நாள் பார்க்க வேண்டும். குலதெய்வம் கோயிலில் முடி எடுக்கும்போதுதான் வைப்பது என்றிருந்த குடும்பங்களும் உண்டு. வைத்த பெயர் வேறு, கூப்பிடும் பெயர் வேறு என்பதும் சகஜம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்தால் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாள். சின்னத்தம்பி என்றோ ராசு என்றோ இன்னொரு பெயர் தானாக வந்துவிடும். பெண் குழந்தை பாப்பாத்தியாகவோ சின்னப்பாப்பாவாகவோ பல வருஷம் இருப்பாள். ஆகவே ஏட்டில் பெயர்க் கட்டம் காலியாக இருப்பதை யாரும் குறையாகக் கருதவில்லை. இன்றைய சட்டமும் இந்த வழக்கத்தை ஒப்புக்கொண்டே எழுதப்பட்டது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம், பெயரைப் பிறகு சேர்க்கலாம் என்கிறது. பிறந்த 21 நாளுக்குள் பதிவு, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 வருஷம் வரை பெயர் என்று விதிகள் அவகாசம் கொடுக்கின்றன. இங்கிலாந்தில் 1837-இல் தொடங்கிய பதிவு முறையிலும் ஞானஸ்நானத்துக்குப் பிறகு பெயர் சேர்க்க இடம் விட்டிருந்தார்கள். பிறப்பு ஒரு நிகழ்ச்சி, பெயர் வேறொரு நிகழ்ச்சி என்பது எல்லா ஊரிலும் தெரிந்ததுதான்.

அப்படியானால் ஒருவருக்குப் பெயரும் பிறந்த தேதியும் எழுத்தில் எங்கே முடிவாயின? பள்ளிக்கூடத்தில். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் கேட்டு எழுதியதே சேர்க்கைப் பதிவேட்டிலும், பிறகு டி.சி.யிலும், கடைசியில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் ஏறியது. ஜூனில் பள்ளி திறப்பதால் மே, ஜூன் மாதங்களில் பிறந்ததாக எழுதப்பட்ட ஒரு தலைமுறையே தமிழ்நாட்டில் இருக்கிறது. சேர்க்கைக்கு வந்த மாதேசனை மாதேஸ்வரனாக மாற்றி எழுதிய ஆசிரியர்கள் அதை உபகாரமாகவே செய்தார்கள். மணியக்காரரின் ஏடு வேறு ஒரு பெயரைச் சொல்வது பற்றி அப்போது யாருக்கும் கவலை வரவில்லை. காரணம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்த ஆபீசும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் விதிகள் 1989 ஜனவரி 26-க்குப் பின் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழை மட்டுமே கேட்டபோதுதான் பல குடும்பங்கள் முதன்முறையாகத் தங்கள் பிள்ளையின் பிறப்புப் பதிவைக் கண்ணால் பார்த்தன. அந்தக் கட்டாயத்தை 2016 டிசம்பரில் அரசே தளர்த்தியது. ஏடுகள் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை என்பதற்கு அதைவிட வேறு ஒப்புதல் வேண்டியதில்லை.

நடுவில் எழுத்தும் மாறியது, எழுதுகிறவரும் மாறினார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்கள் போய் இன்றைய வடிவங்கள் வந்தன. அண்ணாமலை என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ணாவும் உண்டு, லையும் உண்டு. 1960-களின் ஏட்டில் இரண்டும் வேறு உருவத்தில் இருக்கும்: ணா ஒரே சுழியாக உள்ளே மடங்கியிருக்கும், லையின் முன்னே இணைக்கொம்புக்குப் பதில் துதிக்கை போல ஒரு வளைவு நிற்கும். 1978-க்குப் பிறகு பள்ளியில் எழுத்துப் படித்த ஒருவர் மங்கிய மையில் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றினால், ஐந்து எழுத்துப் பெயரில் இரண்டு எழுத்தை ஊகித்துத்தான் ஏற்ற வேண்டும். இரண்டு வருஷம் கழித்து, 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு பரம்பரையாக வந்த மணியம், கணக்குப்பிள்ளை பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பரம்பரை அதிகாரம் போனது நல்லது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த வீட்டுப் பாப்பாத்திதான் பள்ளியில் பத்மாவதி என்பதை நினைவில் வைத்திருந்த ஆளும் அந்தப் பதவியோடு போனார். ஏடு தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் ஆபீஸ் அலமாரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏட்டுக்கு உரை சொல்ல ஆளில்லை.

மூன்றாவதாக வந்தது ஆங்கில எழுத்து. மேட்டூர், கொளத்தூர், மேச்சேரிப் பக்கத்தில் மாதையன், மாதேஸ், மாதேஸ்வரன், மாதம்மாள் என்ற பெயர்கள் ஏராளம். காவிரிக்கு அப்பால் கர்நாடகத்தில் இருக்கும் மாதேஸ்வரன் மலைக்கு இந்தப் பக்கத்து மக்கள் காலங்காலமாகப் போய்வருகிறார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. வாயில் அந்தத் ‘தே’ மெலிந்தே ஒலிக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் டி-யும் எச்-சும் போடுவார், ஒருவர் டி-யோடு நிறுத்துவார், தமிழ் வழக்கப்படி இன்னொருவர் வல்லினத்துக்குரிய எழுத்தைப் போட்டு எச் சேர்ப்பார். மூன்றும் ஒரே ஆளைக் குறிக்கின்றன, மூன்றிலும் பிழை சொல்ல முடியாது. கணினியோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு மூன்று ஆட்கள் என்கிறது. ஆதார் வந்தபோது சிக்கல் தலைகீழாகத் திரும்பியது. ஆங்கிலத்தில் தட்டிய பெயரை மென்பொருள் தானாகவே தமிழில் போட்டது. தகர டகர வேறுபாடு தெரியாத அந்தத் தமிழைத் திருத்தாமல் விட்ட இடங்களில் மாதேசன் மடேசன் ஆனான். தமிழில் பிறந்து, ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்குத் திரும்பிய பெயர் அது. பெற்றவர் எந்தக் கட்டத்தில் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்ல முடியுமா?

பிழையோடேயே பெயர் நிலைத்துவிடுகிறதே, அதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு வலுவான சான்று கடல் கடந்து கிடைக்கிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகள் நேட்டாலுக்குப் போனார்கள். கப்பல் பட்டியலில் குமாஸ்தாக்களின் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அப்படியே குடும்பப் பெயராயின. தென்னாப்பிரிக்காவில் இன்று பரவலாக வழங்கும் கோவெண்டர் என்பது கவுண்டர் என்றும், மூட்லி என்பது முதலி என்றும் கொள்ளப்படுகின்றன. அந்தப் பெயரோடு நீதிபதிகளும் மருத்துவர்களும் ஆனார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் இந்தச் சான்று என் வாதத்துக்கே துணை நிற்கிறது. அங்கே பாட்டன் தாளிலும் பேரன் தாளிலும் பிழை ஒரே மாதிரி இருந்தது. ஒரு தாளில் இருக்கும் வரை எழுத்துப் பிழையால் கெடுதல் இல்லை. இரண்டாவது தாள் அதனோடு முரண்படும் நாளில்தான் கெடுதல் தொடங்குகிறது. அந்த முரண்பாட்டை உண்டாக்குவது தாள்களைக் கேட்டுப் பெருக்கும் அரசு. இலங்கை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. சேலம், திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகளிடம் 1948-இன் குடியுரிமைச் சட்டம் தகப்பனும் அங்கேயே பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத்து லயம் எனும் வரிசைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த லட்சக்கணக்கானவர்களால் தாளைக் காட்ட முடியவில்லை. நாடற்றவர்களானார்கள். 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் அவர்களை இரு நாட்டுக்கும் பங்கிட்டார்கள். எண்ணுவதற்கு மட்டும் எழுதி வந்த ஏட்டை ஒரே சட்டத்தில் வம்சத்துக்கே சாட்சி ஆக்கினால் நேர்வது அதுதான்.

எல்லாப் பெயருக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து முறை என்று அரசு விதித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா என்பது இன்னொரு கேள்வி. ஊர்ப் பெயர்களில் அதைச் செய்து பார்த்தாயிற்று. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் போட்ட புதிய எழுத்துக்களைப் பார்த்து ஊர்க்காரர்களே திகைத்தார்கள். சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. சேலம் மாவட்டக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதும் மாவட்டப் பெயரே விவிலியத்து ஊர் ஒன்றின் எழுத்தில் இருக்கிறது. மேச்சேரியை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் நெடில் எங்கே போயிற்று என்று தெரியாது. மாநிலமே தன் பெயரைத் திருத்திக்கொள்ள 1967-இல் சட்டமன்றத் தீர்மானமும், 1968-இல் நாடாளுமன்றச் சட்டமும் தேவைப்பட்டு, 1969 ஜனவரி 14-இல்தான் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. பிறப்புப் பதிவுச் சட்டம் வந்ததும் அதே 1969-இல். ஊருக்கே ஒட்டாத பொது விதி ஆளுக்கு ஒட்டாது. தன் பெயரை எந்த எழுத்தில் எழுதுவது என்பது அந்தக் குடும்பத்தின் உரிமை. அரசிடம் கேட்பது, குடும்பம் சொன்ன எழுத்தை எல்லா ஏட்டிலும் ஒன்றாக வைத்திரு என்பதுதான்.

இதற்குப் புதுச் சட்டமும் வேண்டியதில்லை. 1969 சட்டத்தின் 15-ஆவது பிரிவு பதிவாளருக்கே அதிகாரம் கொடுத்திருக்கிறது. பதிவில் பிழை இருப்பது அவருக்கு நிச்சயமானால், முதலில் எழுதியதை அழிக்காமல், அடிக்காமல், ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட வேண்டும். எழுத்துப் பிழையாக இருந்தால், யாராவது சொன்னாலும் சரி, அவர் கண்ணிலேயே பட்டாலும் சரி, விசாரித்துத் திருத்துவது பதிவாளரின் வேலை என்று 11-ஆவது விதி சொல்கிறது. பொருள் பிழையாக இருந்தால்தான் விவரம் அறிந்த நம்பத்தகுந்த இருவரின் உறுதிமொழி கேட்கிறது. ‘அவர் கண்ணிலேயே பட்டாலும்’ என்ற இடம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. விண்ணப்பம் வந்தால்தான் திருத்துவேன் என்று பதிவாளர் உட்கார்ந்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. நடைமுறையிலோ மாதேஸில் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அதைப் பெயர் மாற்றம் என்று எண்ணி, கெஜட்டில் போட்டு வா, கோர்ட்டுக்குப் போ என்று அனுப்பிவிடும் இடங்கள் இருக்கின்றன. பெயர் மாற்றம் வேறு, எழுத்துத் திருத்தம் வேறு. முருகனைக் கந்தனாக்குவது முதல் வகை; அதற்குக் கெஜட் தேவைப்படட்டும். முருகனில் போன ஒரு புள்ளியைத் திரும்ப வைப்பதற்குக் கெஜட் எதற்கு?

மோசடிக்கு வழி திறந்துவிடும் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதைக் குறைத்து வேலைக்குச் சேர்ந்தவர்கள் உண்டு, வயதைக் கூட்டிச் சிறுமிக்குக் கல்யாணம் செய்தவர்கள் உண்டு, வாரிசுரிமைக்காகப் பெயரில் கைவைத்தவர்களும் உண்டு. ஆனால் ஓரத்தில் திருத்தும் முறை இந்த அச்சத்துக்குத்தான் மருந்தாக வந்தது. பழைய எழுத்து அப்படியே இருக்கிறது, திருத்தியது யார், என்றைக்கு என்பது பக்கத்திலேயே நிற்கிறது, அதன் நகல் மேலதிகாரிக்குப் போகிறது. இவ்வளவு வெளிச்சத்தில் செய்யும் காரியத்தில் மோசடிக்கு இடம் குறைவு. திருத்த வழியை அடைத்து வைக்கும்போதுதான் தரகர் வருகிறார், பொய்ப் பிரமாணம் வருகிறது, இன்னொரு தாலுகாவில் இன்னொரு சான்றிதழ் முளைக்கிறது. தேதிக்கும் பெற்றோர் பெயருக்கும் கடுமையான விசாரணை இருக்கட்டும். ‘ள’வுக்கும் ‘ல’வுக்கும் அதே கடுமை காட்டுவது காவலாகாது, சோம்பல்தான்.

சான்றிதழை வாங்கும்போதே படித்துப் பார்த்திருக்கக் கூடாதா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். மேச்சேரிக்கு வாக்கப்பட்டவள் ஜலகண்டாபுரத்திலோ பென்னாகரத்திலோ பெறுகிறாள். சிக்கலான பிரசவம் என்றால் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். பிறப்பு எங்கே நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவு இருக்கும். தகவல் கொடுப்பவரும் தாய் தகப்பன் அல்ல. ஆஸ்பத்திரியில் பிறந்தால் ஆஸ்பத்திரி நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கர்ப்பம் பதிவானபோது ஆதாரைப் பார்த்து ஏற்றிய தாயின் பெயர், அதிலிருக்கும் பிழையோடு, குழந்தையின் பதிவுக்கு வந்து சேருகிறது. தறியிலோ காட்டிலோ வேலை செய்யும் ஒருவர், தான் சொல்லாத தகவலை, தான் வசிக்காத ஊரில், தான் பெரும்பாலும் படிக்காத ஆங்கிலத்தில் சரிபார்த்திருக்க வேண்டும் என்று கேட்பது நேர்மையாகாது.

2023 அக்டோபரிலிருந்து பிறந்த பிள்ளைகளில் முதல் அணி 2029 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வரும். அதற்கு முன்பே பதிவாளர்கள் ஊர் ஊராக முகாம் போட்டு, பதிவில் இருக்கும் பெயரைப் பெற்றோரிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்துக் காட்டி, கூடியவரை அந்த இடத்திலேயே ஓரத் திருத்தம் செய்து தர வேண்டும். ஏடு வேறு ஊரில் இருந்தால் அந்த ஊர்ப் பதிவாளருக்குத் தாங்களே எழுத வேண்டும். பெற்றோரும் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயர், உங்கள் இருவரின் பெயர், தலைப்பெழுத்து இவற்றை ஆதாரோடு வைத்து எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பிழை இருந்தால் குடியிருக்கும் ஊரின் பதிவாளரிடம் போக வேண்டாம், பிள்ளை பிறந்த ஊரின் பதிவாளரிடம் எழுதிக் கொடுங்கள். விண்ணப்பத்தில் 15-ஆவது பிரிவு என்றும் 11-ஆவது விதி என்றும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.